குடும்ப நலப் பகுதி: பெருங்குடல் நீங்கிய பின்

2025-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவிற்கும் அந்த அம்மையார் வரவில்லை. முன்பெல்லாம் விழாவன்று விடிவதற்குள் மண்டபத்திற்கு வந்து, வாசல் நிறையக் கோலமிட்டுவிட்டு, பானைக்கு மஞ்சட்கொத்துக் கட்டுவதிலிருந்து சிறுமியரின் கும்மிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது வரை அனைத்தையும் தாமே முன்னின்று நடத்தியவர் அவர். 2024-ஆம் ஆண்டிலும் அவர் வரவில்லை. அப்பொழுது, உடம்பு சுகமில்லை போலும் என்று விட்டுவிட்டோம். இரண்டாம் ஆண்டும் வராமற்போகவே, சங்கத்தின்மேல் மனத்தாங்கல் என்று முடிவு கட்டிவிட்டோம். மகளிர் குழுவில் இடம் கொடாததே காரணம் என்றார் ஒருவர். நன்கொடைப் பட்டியலில் பெயர் விட்டுப்போனதே காரணம் என்றார் மற்றொருவர். நேரிற் சென்று கேட்போம் என்று எவருக்கும் தோன்றவில்லை. அந்த எவருள் நாமும் அடக்கம்.

மாசி மாதத்தில் சந்தாப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சயானில் உள்ள அவர் இல்லத்திற்குச் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. அம்மையாருக்குப் பல ஆண்டுகளாகப் பெருங்குடலில் புண் இருந்து வந்தது. மருந்துக்கு அடங்காமற்போகவே, 2023-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் பெருங்குடலையும் மலக்குடலையும் முற்றிலும் அகற்றிவிட்டுச் சிறுகுடலின் கடைப்பகுதியையே மடித்துத் தைத்து, ஒரு சிறு பைபோல் ஆக்கி, ஆசனவாயுடன் இணைத்துவிட்டனர். நோய் போயிற்று, உதிரம் போவது நின்றது. ஆயின் நாளொன்றுக்கு எட்டு முறை, பத்து முறை வெளிக்குப் போக வேண்டியதாயிற்று. இரவிலும் இரண்டு முறை எழ வேண்டும். அவர்கள் குடியிருப்பதோ பழைய சால் கட்டிடம். மூன்றாவது மாடியில் பதினொரு குடும்பங்கள். தாழ்வாரத்தின் கோடியில் நான்கு கழிப்பறைகள். மூன்று குடும்பத்திற்கு ஒன்று என்று பங்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு.

இந்நிலைக்கு அம்மையார் தாமே ஒரு வழி கண்டுகொண்டார். உணவைக் குறைத்தார்; நீரைக் குறைத்தார். காலையில் அரைத் தம்ளர் காபி, பிற்பகலில் ஒரு பிடி சோறு, இரவில் ஒன்றுமில்லை. தாகம் எடுத்தால் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுவார். தை மாதத்தில் ஒரு நாள் தாழ்வாரத்திலேயே கண் இருண்டு விழுந்தார். மருத்துவமனையில் இரண்டு நாள் நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார்களாம்.

“உண்டால்தானே ஐயா போகவேண்டும்? உண்ணாதிருந்தால் வீட்டில் ஒருவருக்கும் தொந்தரவில்லை பாருங்கள்” என்று அவர் நம்மிடம் கூறினார். கூறும்போது சிரித்தார். அருகில் நின்ற மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இம்மாதப் பகுதியை வேறு பொருளுக்காக ஒதுக்கியிருந்தோம். அதனை ஒத்திவைத்துவிட்டு இதனை எழுதுகின்றோம். அம்மையாரின் இசைவைக் கேட்டோம். “பெயர் போடாமல் எழுதுங்கள். என்னைப்போல் எத்தனைபேர் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார்களோ” என்றார். குடல் அறுவையில் நெடுநாட் பழக்கமுள்ள மருத்துவர் ஒருவரிடம் சென்று, நமக்கு எழுந்த ஐயங்களையெல்லாம் கேட்டுத் தெளிந்த பின்னரே எழுதத் துணிந்தோம்.

மலம் கழித்தல் குறித்து ஒரு குடும்ப இதழில் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர் இருக்கக்கூடும். சளியைப் பற்றியும் சீழைப் பற்றியும் எழுதினால் சுளிக்காத முகம் இதற்கு மட்டும் ஏன் சுளிக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

முதலில், பெருங்குடல் செய்யும் வேலை யாது என்று அறிதல் நன்று. நாம் உண்ணும் உணவின் சத்து அனைத்தும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அது ஏறத்தாழ 20 அடி நீளமுள்ளது. அதனை அடுத்து வரும் பெருங்குடலின் நீளம் 5 அடியளவே. சத்தை எடுத்துக்கொண்டது போக எஞ்சிய நீர்த்த சக்கை நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவில் அதற்குள் வந்து சேரும். பெருங்குடல் அதிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டு உடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 100 அல்லது 200 மில்லி நீருக்கு மேற்படாத கெட்டியான கழிவாக்கி, வேளை வரும்வரை சேர்த்து வைத்திருக்கும். ஆக, அது சமையற்காரனன்று. சிக்கனமான பண்டகசாலைக் காவலன். காவலன் போய்விட்டால் சமையல் நிற்பதில்லை. ஆதலால்தான் பெருங்குடல் இன்றியும் மனிதர் நெடுங்காலம் நலமாக வாழ முடிகிறது. ஆயின் நீரையும் உப்பையும் தடுத்து வைப்பார் இல்லை. சேர்த்து வைக்கும் அறையும் இல்லை.

அடிக்கடி போவதும் இளக்கமாகப் போவதும் இவ்விடத்தில் நோயன்று, வெறும் கணக்கு. இதனை வீட்டார் அறிந்துகொண்டாலே பாதித் துன்பம் தீரும். “கண்டதைத் தின்றிருப்பாய்” என்றும், “எல்லாம் மனப்பிரமை, மனத்தை அடக்கினால் அடங்கும்” என்றும் உறவினர் கூறும் அறிவுரைகளுக்கு இதில் இடமே இல்லை. மனத்தை எவ்வளவு அடக்கினாலும் ஒன்றரை லிட்டர் ஒன்றரை லிட்டரே.

எத்தனை முறை போவது இயல்பு? அது செய்த அறுவையைப் பொறுத்தது. பெருங்குடலில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் பழைய நிலை திரும்பிவிடும். பெருங்குடலை எடுத்து, மலக்குடலை விட்டுவைத்துச் சிறுகுடலை அதனோடு இணைத்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து முறை ஆகலாம். மலக்குடலையும் எடுத்துவிட்டு, நம் அம்மையாருக்குச் செய்ததுபோல் சிறுகுடலிற் பை தைத்தவர்களுக்கு, முதல் சில வாரங்களில் பத்து, பதினைந்து என்று ஆனாலும் வியப்பில்லை. மாதங்கள் செல்லச் செல்லப் பை விரிந்து கொடுக்கும். சிறுகுடலும் நீரை உறிஞ்சக் கற்றுக்கொள்ளும். ஓர் ஆண்டளவில் பகலும் இரவுமாக நான்கு முதல் எட்டு முறை என்று நிலைபெறுவதே பலருக்கும் வழக்கம்.

இந்தப் பை தைக்கும் முறையே அண்மைக் காலத்தது. இலண்டனில் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன் பார்க்ஸ், ஜான் நிக்கல்ஸ் என்னும் இருவர் 1978-இல் இதனை விளக்கி எழுதினர். 1980-இல் ஜப்பானியரான உட்சுனோமியா இதனை மேலும் எளிதாக்கினார். அதற்கு முன்னர் பெரும்பாலோர்க்கு வயிற்றில் ஒரு வாய் வைத்து, அதன்மேல் பை மாட்டி வாழ்வதே வழி. இன்றும் சிலருக்கு அதுவே தக்க வழியாகிறது. அவர்களுக்கும் நாம் பின்னர்க் கூறும் நீர்க் கணக்கு அப்படியே பொருந்தும்.

நிற்க. நீர்க் கணக்கே இப்பகுதியின் உயிர்நாடி.

குறைவாகப் பருகினால் குறைவாகப் போகும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று உடலே தன்னிடமிருந்து குடலுக்குள் நாள்தோறும் பல லிட்டர் நீரை ஊற்றுகிறது. வெறும் வயிறாக இருந்தாலும் அவ்வூற்று முற்றிலும் வற்றிவிடுவதில்லை. ஆதலால் உண்ணாமலும் பருகாமலும் இருப்பவர் வெளிக்குப் போவதை முற்றும் நிறுத்திவிட முடியாது. போவது நீராகவும் காற்றாகவும் போகும். உடலோ உள்ளிருப்பை இழந்து வறளும். முதலில் நாவறட்சி; பின் சிறுநீர் குறைந்து கரும்மஞ்சளாகும்; கெண்டைக்காலிற் குரக்களி பிடிக்கும்; எழுந்து நின்றால் தலை சுற்றும். அம்மையார் தாழ்வாரத்தில் விழுந்தது இந்தப் படிகளில் கடைசிப் படி. இதே நிலை நீடித்தால் சிறுநீரகமும் கெடும் என்று மருத்துவர் எச்சரித்தார்.

வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் முழு விடையன்று. இழப்பது நீரும் உப்பும் சேர்ந்தது. ஈடு செய்வதும் இரண்டும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இங்கே ஒரு பழைய செய்தியை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே, மேற்கு வங்கத்துப் பன்காவ் என்னும் ஊரில், காலரா பரவிற்று. நரம்பு வழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டே வந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் திலீப் மகலநபிஸ், உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை அளவாகக் கலந்து பொட்டலமாக்கி, நீரிற் கரைத்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். உறவினரே கரைத்துக் கொடுத்தனர். நூற்றுக்கு முப்பது என்றிருந்த மரணம் நாலுக்கும் கீழே இறங்கிற்று. அவர் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. வாழும்போதே அறிவித்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது, அது கிடக்க.

அந்தக் கரைசலின் சூட்சுமம் சிறுகுடலிலேயே இருக்கிறது. குளுக்கோஸ் சிறுகுடற் சுவரின் வழியே உள்ளே நுழையும்போது உப்பையும் உடன் அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னே நீர் செல்கிறது. இதனை 1960-இல் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். பெருங்குடல் இல்லாதவருக்கும் சிறுகுடல் இருப்பதால், இந்த வாயில் அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டால் கிடைப்பது இதுவே. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவிலுள்ள பொட்டலந்தானா என்று அட்டையைப் பார்த்து வாங்குக. அதில் ஒரு லிட்டருக்கு உரிய பொட்டலம் 20.5 கிராம் இருக்கும். பழச்சாறு போன்ற குப்பிகளில் அதே பாணியில் விற்கப்படும் இனிப்பு நீர்கள் இதற்கு ஈடல்ல. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். கடை எட்டாத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். ஒரேயடியாகக் குடியாமல், நாள் முழுவதும் மிடறு மிடறாகப் பருக வேண்டும். உப்பிட்ட சோற்றுக் கஞ்சியும் நல்லதே. நம் பாட்டிமார் பேதிக்கு அதனைக் கொடுத்து வந்ததில் பிழையொன்றுமில்லை. இளநீரில் உப்பு குறைவு. அதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்கள் தம் மருத்துவரைக் கேட்டே உப்பையும் சர்க்கரையையும் கூட்ட வேண்டும். போதுமான நீர் சேர்கிறதா என்பதற்குச் சிறுநீரின் நிறமே சான்று. வெளிர்மஞ்சளாக இருப்பின் கவலையில்லை.

இனி உணவு. தமிழ்நாட்டுச் சமையல் இவர்களுக்கு இயற்கையாகவே அனுகூலமானது என்றால் நம்பமாட்டீர்கள். குழைந்த சோறு, தயிர்ச் சோறு, இட்லி, இடியாப்பம், ஜவ்வரிசிக் கஞ்சி, தோல் நீக்கி வேகவைத்த உருளைக்கிழங்கு, பழுத்த வாழைப்பழம்: இவையெல்லாம் போக்கைக் கெட்டிப்படுத்துவன. பகையெல்லாம் மிளகாயிலும், வெறும் வயிற்றுக் காபியிலும், எண்ணெயிற் பொரித்த பண்டங்களிலும், தித்திப்புப் பானங்களிலும் இருக்கிறது. மிளகாய் உள்ளே போகும்போது எரிவதைவிட வெளியே போகும்போது அதிகம் எரியும் என்பதை அனுபவித்தவர் அறிவர். பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, தயிர் ஒத்துக்கொள்ளும். மொச்சையும் கொண்டைக்கடலையும் காற்றைப் பெருக்கும்.

வேறொரு வகை எச்சரிக்கையும் உண்டு. முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், கீரைத்தண்டு, மக்காச்சோளம், தேங்காய்ப் பத்தை, முழு நிலக்கடலை ஆகியவற்றை மெல்லாமல் விழுங்கினால் குறுகிய இடத்தில் அடைத்துக்கொள்ளக்கூடும். அறுவை நடந்த முதல் சில வாரங்களில் இவற்றை அறவே விலக்குக. பின்னர் ஒவ்வொன்றாக, நன்றாக மென்று, உடல் ஏற்கிறதா என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். தக்காளித் தோலும் எள்ளும் உண்டபடியே வெளிவந்தால் அஞ்ச வேண்டா. பீட்ரூட் உண்ட மறுநாள் சிவந்து போனால் அது உதிரமன்று. அம்மையார் வீட்டில் அவ்வாறு ஒரு நாள் இரவெல்லாம் அழுதிருக்கிறார்கள்!

மூன்று பெருவேளைகளுக்குப் பதில் ஐந்தாறு சிறு வேளைகளாக உண்பதும், இரவு உணவை உறங்குவதற்கு மூன்று நான்கு மணி முன்பே முடித்துக்கொள்வதும் இரவில் எழுவதைக் குறைக்கும். அலுவலகத்திலிருந்து பிள்ளைகள் திரும்பிவரப் பத்து மணி ஆகும் நம் வீடுகளில், மாமியார் மட்டும் ஏழு மணிக்கு உண்பது மரியாதைக் குறைவு என்று எவரும் எண்ணலாகாது. அம்மையார் அப்படித்தான் எண்ணியிருந்தார்.

மருந்து வகையில் இரண்டைச் சொல்லுவோம். ஒன்று இசப்கோல். குஜராத்தின் ஊஞ்சாச் சந்தையிலிருந்து நாடெங்கும் செல்லும் இந்த உமி மலச்சிக்கலுக்கு மருந்து என்றே நம் வீடுகளில் பெயர்பெற்றது. அதனை எப்படி இதற்குக் கொடுப்பது என்று அம்மையாரின் மகன் மருத்துவரிடமே வாதாடினாராம். உண்மையில் அது நீரைப் பற்றிக்கொண்டு கூழாகும் பொருள். மிகுந்த நீருடன் கொடுத்தால் இறுகியதை இளக்கும்; குறைந்த நீரில் உணவோடு கொடுத்தால் நீர்த்ததைத் திரட்டும். மற்றொன்று லோபரமைடு. இது குடலின் ஓட்டத்தைத் தாமதப்படுத்துவது. உணவுக்கு அரை மணி முன்னர் உண்டால்தான் பயன் அதிகம். போன பிறகு உண்பது பெருமழை ஓய்ந்த பின் குடை விரிப்பதுபோல. அளவை மருத்துவரே குறிக்க வேண்டும். காய்ச்சலோ உதிரப்போக்கோ இருக்கும்போது அதனைத் தாமாக விழுங்கலாகாது. சிறுகுடலின் கடைப்பகுதி எடுக்கப்பட்டவர்களுக்குப் பி-12 உயிர்ச்சத்துக் குறையலாம். அதனை இரத்தச் சோதனையில் பார்த்துக்கொள்க.

சிறுகுடலிலிருந்து நேரே வரும் கழிவில் செரிமான நீர்கள் கலந்திருப்பதால் ஆசனவாய்த் தோல் வெந்துபோகும். தண்ணீரால் கழுவும் நம் வழக்கம் இவ்விடத்தில் பெரும் நன்மை. ஆயின் கழுவிய பின் தேய்த்துத் துடையாமல், பழைய வேட்டித் துணி போன்ற மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பைப் பூசிக்கொள்ள வேண்டும். வாசனைச் சோப்பு வேண்டா. புண் ஆகிய பின் பூசுவதைவிட, ஆகுமுன் பூசுவதே அறிவுடைமை. ஆசனவாய்த் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை மருத்துவமனையில் கற்றுக்கொண்டு நாள்தோறும் செய்து வந்தால் அடக்கும் வலிமை கூடும்.

இனி, மருத்துவர் செய்ய முடியாததும் வீட்டாரும் அயலாரும் மட்டுமே செய்யக்கூடியதும் ஆன காரியத்திற்கு வருவோம்.

அம்மையாரின் மருமகள் ஒரு நாள் துணிந்து, தாழ்வாரத்தில் உள்ள பெண்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். “அத்தைக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன்” என்றார் நம்மிடம். மூன்றாம் எண் வீட்டு மராட்டிய மூதாட்டி, எல்லோரும் ஆஜி என்று அழைப்பவர், அன்று மாலையே தம் பங்குக் கழிப்பறையின் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து அம்மையாரின் கையில் வைத்து, “இரண்டு வருஷம் இதைச் சொல்லாமலா இருந்தாய்?” என்று கோபித்துக்கொண்டாராம். மற்றொரு குடும்பமும் சாவி கொடுத்தது. காலை ஏழு மணிக் கூட்டத்தில் அம்மையார் வந்தால் வரிசையில் நிற்பவர் விலகி வழிவிடுவது என்றும் ஏற்பாடாயிற்று. நான்கில் மூன்று கதவுகள் இப்பொழுது அவருக்குத் திறக்கும். இரவுக்கென்று மகன் ஒரு கமோடு நாற்காலி வாங்கி, அறையின் மூலையில் திரை கட்டி வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் முதல் நாள் சிரித்தனர். இரண்டாம் நாள் மறந்துவிட்டனர்.

எண்ணுவோர் குறித்து ஒரு சொல். எத்தனை முறை, எப்பொழுது, எவ்விதம் என்பதை நோயாளி தாமே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுவது மிகவும் பயன் தரும். உண்ட உணவையும் பக்கத்திற் குறித்தால் எது ஆகிறது, எது ஆகவில்லை என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். வீட்டில் மற்றொருவர் “இது ஆறாவது தடவை” என்று உரக்கச் சொல்லுவது கொடுமை. ஆனாலும் அதைச் செய்யாத வீடு அரிது.

வேலைக்குச் செல்வோர் நிலை இன்னும் கடினம். மும்பை லோக்கல் வண்டிகளில் கழிப்பறை இல்லை என்பது நாம் அறிந்ததே. அத்தகைய அன்பர் ஒருவர் கூறிய உபாயங்கள் சில: காலை உணவை அலுவலகம் சேர்ந்த பின் வைத்துக்கொள்கிறார், நெரிசலுக்கு முந்திய வண்டியில் ஏறுகிறார், தம் வழியிலுள்ள நிலையங்களில் எதில் எந்த நடைமேடையில் கழிப்பறை என்பதை மனப்பாடமாக வைத்திருக்கிறார். பிந்தேஷ்வர் பாடக் 1970-இல் தொடங்கிய சுலப் இயக்கத்தின் கட்டணக் கழிப்பறைகளைத் தம்மைப்போல் வாழ்த்தியவர் ஒருவரும் இருக்க முடியாது என்கிறார். தோட்பையில் மாற்று உள்ளாடை, பஞ்சுப் பட்டை, களிம்பு, ஒரு பிளாஸ்டிக் உறை, சில்லறை. இவை உடனிருந்தாலே அச்சம் பாதியாகும். அச்சம் குறைந்தால் ஓட்டமும் சற்றுக் குறையும். மேலதிகாரிக்கு மருத்துவர் கொடுத்த கடிதம் ஒன்றும் அலுவலகத்தில் இருக்கிறது. கூட்டத்தின் நடுவே எழுந்து சென்றால் இப்பொழுது ஒருவரும் முகத்தைப் பார்ப்பதில்லையாம்.

ஊர்ப் பயணத்திற்கு அஞ்சி நான்கு ஆண்டுகளாகத் திருநெல்வேலிப் பக்கமே போகாதவரையும் அறிவோம். நெடுந்தூர வண்டியிலாவது பெட்டியின் இரு கோடியிலும் கழிப்பறை உண்டு. கோடியை ஒட்டிய கீழ்ப்படுக்கையைக் கேட்டு வாங்குக. வாடை வருமே என்பார்க்கு, வாடை தூரத்தைவிட மேல் என்பதே விடை. நள்ளிரவுக்கு மேல் குழாயில் நீர் நின்றுபோவது உண்டு. ஒரு குப்பி நீரும் ஒரு சிறு குவளையும் தனியே வைத்துக்கொள்க. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இரண்டு மூன்று இருக்கட்டும். புதிய பண்டம் எதையும் பயண நாளில் சோதித்துப் பார்க்க வேண்டா. ஊர் சேர்ந்தபின் வருவது வேறு சோதனை. “இளைத்துப் போய்விட்டாயே, இன்னும் ஒரு கரண்டி” என்று இலையில் சாய்க்கும் பெரியம்மாவுக்கும் சித்திக்கும் முன்கூட்டியே ஒரு கடிதமோ தொலைபேசியோ செய்துவிடுவது நலம். பந்தியில் வேண்டா என்றால் அவர்கள் மனம் நோகும்; முன்பே சொன்னால் அவர்களே காவல் நிற்பார்கள்.

சில அடையாளங்களைக் கண்டால் தாமதம் கூடாது. ஆறு என்று நிலைத்திருந்தது திடீரெனப் பன்னிரண்டாகி, வயிற்றுவலியும் காய்ச்சலும் உதிரமும் காணின், தைத்த பையில் அழற்சி கண்டிருக்கலாம். அது மருந்தால் தீரக்கூடியது, ஆனால் மருத்துவரே கொடுக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, போக்கு அடியோடு நின்று, வயிறு உப்பி, வாந்தியும் வந்தால் குடல் அடைத்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்க. சிறுநீர் மிகக் குறைந்து தலை சுற்றினால் என்ன செய்வது என்பதை மேலே கூறியுள்ளோம். கரைசல் குடித்தும் சில மணி நேரத்தில் தெளியாவிடில் அதற்கும் மருத்துவமனையே கதி.

நம் சங்கத்தின் பங்கையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். விழா நடக்கும் மண்டபத்தில் கழிப்பறைச் சாவி மேலாளர் அறையில் ஆணியில் தொங்கும். வேண்டுவோர் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அங்கே எப்போதும் நாலு ஆடவர் அமர்ந்திருப்பர். அறுவை நடந்த ஆண்டின் தீபாவளிக் கூட்டத்திற்கு அம்மையார் வந்திருந்தாராம். மூன்றாம் முறை சாவி கேட்கச் சென்றபோது, “இப்பதானே அம்மா வாங்கிப் போனீங்க” என்று ஒருவர் கேட்டாராம். கேட்டவர் கெட்ட எண்ணத்துடன் கேட்கவில்லை. நமக்குத் தெரிந்தவர்தாம். அன்றிலிருந்துதான் அம்மையார் வருவதை நிறுத்தியிருக்கிறார். மகளிர் குழுவுமில்லை, நன்கொடைப் பட்டியலுமில்லை.

2025 சித்திரைக் கூட்டத்தில் சாவி ஆணியில் தொங்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு வாளி நீரும் சோப்பும் வைக்கப்பட்டிருந்தன. பக்கவாட்டு வாயிலை ஒட்டி, மேடையும் தெரியும்படி, நான்கு நாற்காலிகள் தனியே போடப்பட்டன. இன்னாருக்கு என்று எழுதவில்லை. கர்ப்பிணிப் பெண் ஒருவரும், நீரிழிவுள்ள பெரியவர் ஒருவரும் தாமாகவே அங்கு வந்து அமர்ந்தனர். மூன்றாம் நாற்காலியில் அம்மையார் இருந்தார். எத்தனை முறை எழுந்து சென்றார் என்று நாம் எண்ணவில்லை. வாசற்கோலத்தை இம்முறை அவருடைய மருமகளே இட்டார். கூட்டம் தொடங்குமுன் அம்மையார் கையில் உப்புச் சர்க்கரை நீர்க் குப்பியுடன் வாசலில் நின்று, இடப்புறம் இரண்டு புள்ளி தவறிவிட்டதென்று சொல்லி, அதை அழித்து மீண்டும் போடவைத்துக்கொண்டிருந்தார்.